இறங்காத பன்னிரண்டு கிலோ

மொன்றியலில் ஒரு தமிழன் பனிக்குள் நடந்து போனால், ஒன்று அவனுடைய கார் பழுது, இல்லாவிட்டால் பொலிஸ் லைசென்ஸைப் பறித்துவிட்டது. மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கலாம் என்று நம்மவர் எவருக்கும் தோன்றாது. ஐந்து மாதமாக இதை அனுபவித்துக் கிருபானந்தனுக்கு அலுத்துப்போய்விட்டது.

அன்று செவ்வாய்க்கிழமை காலையும் அப்படித்தான். சென்ட் லோரன்டில் பண்டகசாலைகள் வரிசையாக நிற்கும் தெருவில், முழங்கால் விண்விண்ணென்று வலிக்க நடந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வான் வந்து நின்றது. அவரோடு வேலை செய்யும் யோசெப் கண்ணாடியை இறக்கினான்.

“அண்ணை, இன்னும் கார் திருத்தேல்லையோ? ஏறுங்கோ.”

“கார் நல்லாத்தான் இருக்கு யோசெப். நான் சும்மா நடக்கிறன்.”

“இந்தக் குளிருக்கையோ? வெக்கப்படாமல் ஏறுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

மறுத்தால் ‘பெரிய ஆள்’ என்று கதை வரும். உண்மையைச் சொன்னால் அது பின்னேரத்துக்குள் லவாலுக்குப் போய், அங்கிருந்து ரொறன்ரோவுக்குப் போய், கடைசியில் யாரோ ஒரு மாமி போன் எடுத்து வீட்டில் ஒப்பாரி வைப்பதில் வந்து முடியும். கிருபானந்தன் கும்பிடு போட்டு அவனை அனுப்பிவிட்டுத் தொடர்ந்து நடந்தார். காலுறைக்குள் உருகிய பனி இறங்கியிருந்தது.

உண்மை இதுதான். அவருடைய மனைவி பாலாம்பிகைக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கிழமையில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணித்தியாலம், ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தமாக்கும் மெஷினோடு கிடக்கவேண்டும். ஒரே மகள் அஜிதா, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள், அவளிடம் கேட்கமுடியாது. கிருபானந்தனுடைய சிறுநீரகம் பொருந்தும் என்று சோதித்துச் சொன்னார்கள். எல்லாம் பொருந்தியது, அவருடைய தொப்பையைத் தவிர. தொண்ணூற்றேழு கிலோ. எண்பத்தைந்துக்கு இறங்கினால்தான் அவர்மேல் கத்தி வைக்கலாம் என்றார்கள்.

“ஓட வேண்டாம் மிஸ்யூ, ஜிம்மும் வேண்டாம். தினமும் ஒரு மணித்தியாலம் நடந்து வாருங்கள், சாப்பாட்டைக் குறையுங்கள், போதும்” என்றாள் அங்கே இருந்த பிரெஞ்சுத் தாதி.

நடந்தார். இரண்டு மணிக்குத் தொடங்கும் வேலைக்கு முன்னால், காலையில் ஒரு மணித்தியாலம். சோற்றைப் பாதியாக்கினார், றோல்ஸை மறந்தார், கோயிலில் பாயசத்துக்குக்கூடக் கை நீட்டவில்லை. முதல் மாதத்திலேயே நாலு கிலோ இறங்கியது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து தராசில் ஏறிக்காட்டி, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். பாலாம்பிகையும் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் பிடித்தது சனி. தொண்ணூற்று மூன்று தொண்ணூற்று நாலானது. தை மாதம் தொண்ணூற்றைந்து. பங்குனியில் தொண்ணூற்றாறு. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று சொன்னவன் இந்த வயிற்றைப் பார்த்திருக்கமாட்டான். போன கிழமை ஆஸ்பத்திரியில் நிறுத்தபோது தாதி எண்ணைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “உண்மையாகவே நடக்கிறீர்களா?” என்று மெதுவாகக் கேட்டாள். வைகாசியில் கடைசி நிறுவை, அதிலும் இறங்காவிட்டால் உங்கள் ஃபைலை மூடிவிடுவோம் என்றாள். ஐம்பத்தாறு வயதில், ஒரு பிள்ளையின் முன்னால் பொய்யனாக நின்றது அவருக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் அவருக்கிருந்த ஒரே ஆறுதல் குரக்கன் கஞ்சி, கேழ்வரகுக் கஞ்சி. நடந்து களைத்து வரும் மனிதருக்குத் தெம்பு வேண்டும், குரக்கன் உடம்பை மெலிய வைக்கும் என்று பாலாம்பிகை மார்கழியிலிருந்து தினமும் ஒரு பெரிய கோப்பை காய்ச்சி வைப்பார். தான் குடிக்கமுடியாத மனிசி, ஒரு நாளைக்கு ஒரு போத்தல் தண்ணீருக்கு மேல் தொண்டையில் இறக்கக்கூடாத மனிசி, அவருக்காக அடுப்படியில் நின்று துழாவுவார். ஊரில் குரக்கன் புட்டோடு சரி, கஞ்சியைக் கிருபானந்தன் கண்டதில்லை. மெலிகிற சாப்பாடு இவ்வளவு ருசியாக இருக்குமென்று தெரிந்திருந்தால் இருபது வருடத்துக்கு முன்னரே மெலிந்திருப்பேன் என்று கோப்பையை வழித்து வழித்துக் குடிப்பார்.

மறுநாள் புதன்கிழமை. புதன்கிழமைகளில் றீசைக்கிளிங் பெட்டியை வெளியே வைக்கவேண்டும். அவர் நடக்கப் போன நேரம் பார்த்து பாலாம்பிகையே அதை வாசலுக்கு இழுத்துப் போய்விடுவார். பாரம் தூக்கவேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்டதில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் களைப்பில் அவரால் எழும்ப முடியவில்லை. நடந்துவிட்டு வந்த கிருபானந்தன், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் தூக்கினார். அடியில் விளம்பரக் கடதாசியில் சுற்றிய பொட்டலம் அவிழ்ந்து, டின்கள் நிலத்தில் உருண்டன.

தேங்காய்ப்பால் டின். ஏழு. ஏழு நாளுக்கு ஏழு. கூடவே கஜு என்ற முந்திரிப்பருப்பு வந்த பை இரண்டு. பாலாம்பிகைக்குத் தேங்காய்ப்பால், கஜு எதுவும் ஆகாது, டொக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? வேலியே பயிரை மேயும் என்பார்கள். இங்கே வேலி, வெட்டவேண்டிய பயிருக்கு இரகசியமாக உரம் போட்டிருந்தது.

ஒரு டின்னோடு அறைக்குள் போனார்.

“இதென்னப்பா இது?”

பாலாம்பிகை பொய் சொல்லவில்லை. படுத்தபடியே டின்னைப் பார்த்துவிட்டு, “கஞ்சிக்கு” என்றார்.

“எவ்வளவு காலமா?”

“நீங்கள் தொண்ணூற்றி மூண்டுக்கு வந்த நாளிலையிருந்து.”

கிருபானந்தனுக்குத் தலைக்குள் இரத்தம் ஏறியது. “இந்த முழங்காலோடை நான் நாயாய் அலையிறன். அந்த நேர்ஸ் பிள்ளை என்னைக் கள்ளனைப் போலப் பாக்குது. நீர் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறீர்.”

“ஓம், நிண்டனான்தான். நீங்கள் உந்த மூலையிலை திரும்பேக்கை ஒவ்வொரு நாளும் நினைப்பன், இந்த மனிசனையும் கட்டிலிலை போட்டு வெட்டப்போறாங்கள் எண்டு. ரெண்டு பேரும் விழுந்தா ஆர் ஆரைத் தூக்கிறது? கிட்னிக்குக் காத்திருக்கிற லிஸ்டிலை என்ரை பேர் இருக்குத்தானே. வந்தா வரட்டும்.”

“வராட்டி?”

பாலாம்பிகை போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார்.

“வேண்டாம் எண்டு வாயாலை சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா? முப்பத்தொரு வருசத்திலை நான் சொல்லி நீங்கள் எதைக் கேட்டனீங்கள்?”

அது உண்மைதான். கோபத்துக்கு நடுவிலும் அவரால் அதை மறுக்க முடியவில்லை. சப்பாத்தோடேயே கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். பனி உருகி விரிப்பெல்லாம் ஈரமானது. வேறொரு நாளென்றால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். ஐந்து மாதத்துக் களைப்பும் ஒரே நேரத்தில் வந்து தோளில் ஏறியதுபோல் இருந்தது. நடந்த களைப்பு அல்ல, வீணாக நடந்த களைப்பு.

“பாலா” என்றார் கடைசியில். “நீர் இல்லாட்டி நான் மெலிஞ்சென்ன, கொழுத்தென்ன?”

பாலாம்பிகை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு மணிக்குக் கிருபானந்தன் வேலைக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை மழையும் பனியும் கலந்து கொட்டியது. நடக்காமல் விட்டால் என்ன என்று கதவடியில் ஒரு கணம் நின்றார். யாருக்காக நடப்பது, அவள்தான் வேண்டாம் என்கிறாளே. பிறகு, கால்கள் பழகிவிட்ட காரணமோ என்னவோ, இறங்கி நடந்தார். மூலையில் திரும்பும்போது பின்னால் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது மேசையில் வழக்கமான கோப்பை சூடாக மூடி வைக்கப்பட்டிருந்தது. பாலாம்பிகை ஆஸ்பத்திரிக்குப் போக ஆயத்தமாக, கோட்டைப் போட்டுக்கொண்டு எதிரே இருந்தார். கிருபானந்தன் மூடியைத் திறந்தார். ஒரு வாய் குடித்தார்.

தண்ணீர். கலங்கல் தண்ணீருக்குள் மாவு கட்டிகட்டியாக மிதந்தது. பாலில்லை, கஜுவில்லை, உப்புக்கூடச் சரியாகப் போடவில்லை. மாட்டுக்கு வைத்தால் மாடும் முகத்தைத் திருப்பும். அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். பாலாம்பிகை கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தார்.

“எப்பிடி இருக்கு?” என்று கேட்டார், மேசையைப் பார்த்தபடி.

“வாயிலை வைக்கேலாது” என்றார் கிருபானந்தன். கண் நிறைந்துவிட்டது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.