குழிக்குள் போன ரோலர்

காலையில் குண்டு போட்டுவிட்டுப் போனார்கள். விமானத்தளத்து ஓடுபாதையில் இரண்டு பள்ளம். ஒன்றைச் சரளை கொட்டி, ரோலரால் அமுக்கி மூடியாயிற்று. ஓரத்தில் வாய் பிளந்து கிடந்த இன்னொன்றை நோக்கிப் போகும்போது ரோலர் நட்டநடுப் பாதையில் படுத்துவிட்டது. ரோலர்காரர் உதைத்தார், கெஞ்சினார், அதன் பரம்பரையையே திட்டினார். கல்லுளிமங்கன் மாதிரி நின்றது.

தலைக்கு மேல் விமானம் வட்டமடித்தது. தளத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். குண்டு போட வந்தவர்களை ஒற்றை ஆளாக ஊருக்கு அப்பால் விரட்டிவிட்டுத் திரும்பியிருந்தான் விமானி. வாலில் புகை.

"பெட்ரோல் தீரப்போகுது, குதிச்சிடுன்னு ரேடியோவுல சொன்னா கேக்க மாட்டேங்கிறான்!" மேஸ்திரி ஓடிவந்தார். "விமானம் போச்சுன்னா நாளைக்கு எதுல சண்டை போடறதுங்கிறான். வண்டிய எடுய்யா!"

"இடுப்புல தூக்கி வச்சுக்கவா?"

எரிச்சலோடு திரும்பிய ரோலர்காரர் கண்ணில் ஓரத்துப் பள்ளம் பட்டது. பிரேக்கை விடுவித்தார். "எல்லாரும் வாங்க, தள்ளுங்க!"

"உள்ள போனா யாருய்யா வெளிய எடுக்கிறது? நான்ல பதில் சொல்லணும்!" மேஸ்திரி பதறினார்.

"மேல இருக்கிறவன் செத்தா யாரு பதில் சொல்றது?"

சரளை சுமந்த பெண்களும் கூடையைப் போட்டுவிட்டுத் தோள் கொடுத்தார்கள். ரோலர் முனகிக்கொண்டே உருண்டு பள்ளத்தில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. அதை உரசுகிற மாதிரி ஒட்டி ஓடி விமானம் இறங்கி நின்றது.

விமானி இறங்கி வந்தான். சட்டைக்கையில் ரத்தம்.

"அண்ணே, மேலேருந்து உங்கள திட்டின திட்டு ஏழு தலைமுறைக்கும் தாங்கும்."

"நானும் சும்மா இல்ல தம்பி. குதிச்சுத் தொலையேன்னு உன்னைத் திட்டிட்டுத்தான் இருந்தேன்."

சிரிப்பு முடியவில்லை, மறுபடியும் அபாயச் சங்கு ஊதியது.

"பெட்ரோல் ஊத்துங்க," என்றான் விமானி.

"தம்பி, வாலைப் பாத்தியா? ஓட்டையில கை நுழையுது!"

"பாத்தா பயம் வருமேண்ணே. அதான் பாக்கல."

ரோலர்காரருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவனை இறக்க இத்தனை பாடு. தண்ணீர்கூடக் குடிக்காமல் ஏறுகிறான்! பிடித்து நிறுத்தலாமென்றால் அதற்குள் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு விமானம் மேலே போய்விட்டது. மூடிய பள்ளத்துச் சரளையெல்லாம் சக்கரம் பட்டுச் சிதறிக் கிடந்தது.

"இனி எதை வச்சு அமுக்கறது?" என்று மேஸ்திரி தலையில் கைவைத்தார்.

"கால் இருக்குல்ல? அள்ளிப் போட்டு மிதிங்க," என்று ரோலர்காரரே முதலில் இறங்கினார். "திரும்பி வரட்டும், செவுளிலேயே ஒண்ணு விடறேன்."