பட்டினிப் பாத்திக்கு இட்டது

நாற்பத்தெட்டு வருஷமாக அந்தப் பாத்திக்கு யாரும் ஒரு பிடி உரம் போட்டதில்லை. எருவும் கிடையாது, சாம்பலும் கிடையாது. ஒன்றுமே போடாவிட்டால் மண் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகவே ஆராய்ச்சிப் பண்ணையில் ஒதுக்கி வைத்த இடம். பட்டினிப் பாத்தி என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படியும் அந்த மண் மகராசி வருஷம் தவறாமல் இடுப்பளவுக்காவது மக்காச்சோளம் வளர்த்துக் கொடுத்துவிடுவாள். பதினொரு வருஷமாக அதற்குக் களையெடுத்து வருபவளுக்கு ஒவ்வோர் அறுவடையிலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

இந்த வருஷம் தென்கிழக்கு மூலையில், ஒரு பாய் விரிக்கிற இடத்தில் மட்டும், பயிர் ஆளுயரத்தைத் தாண்டிக் கருகருவென்று நின்றது.

ஆராய்ச்சி மேடத்துக்கு முகம் செத்துவிட்டது. "யாரோ உரத்தைக் கொட்டியிருக்காங்க. வேற எங்கெல்லாம் விழுந்துச்சோ! இனிமே இந்தப் பாத்தியை நம்பி ஒரு வரி எழுத முடியாது. மூடிட வேண்டியதுதான்."

களையெடுப்பவளுக்குப் போன அறுவடை முடிந்த வாரம் பண்ணை நாய் வாலு செத்துப்போனதும், தன் புருஷன் மண்வெட்டியோடு இந்தப் பக்கம் போனதும் ஞாபகம் வந்தது. அவன் பண்ணை டிராக்டர் டிரைவர். கொட்டகைக்கு ஓடினாள்.

"வாலுவை எங்க புதைச்சீங்க?"

தலையைச் சொறிந்தான். "மத்த பாத்தியிலெல்லாம் என்னென்னமோ போட்டு வச்சிருக்காங்க, கை வைக்கப் பயம். இதுலதான் ஒண்ணுமே போடலையே, கெட்டுப்போக என்ன இருக்குன்னு..."

"அட என் அறிவுக்கொழுந்தே!"

சொன்னால் அவன் வேலைக்கு உலை. சொல்லாவிட்டால் நாற்பத்தெட்டு வருஷமும் மண்ணோடு மண். "வேற டிராக்டர் கிடைக்காமலா போயிடும், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மேடம் முழுவதும் கேட்டார். திட்டுவார் என்று பார்த்தால், மூலையில் போய் மண்டியிட்டுத் தண்டைப் பிடித்துப் பார்த்தார். அது அவர் கட்டைவிரலைவிடப் பருமன்.

"ஒரே ஒரு நாயா?"

"முழங்கால் உயரம்கூட இருக்காதும்மா" என்றான் டிரைவர்.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். களையெடுப்பவள் ஓர் இலையைத் தொட்டாள். உடம்பு சிலிர்த்தது. அவள் சாப்பாட்டுத் தூக்கில் மிச்சம் வைத்ததைத் தின்று வளர்ந்த ஜீவன், இன்று அவள் தலைக்கு மேலே கதிர் தள்ளி நிற்கிறது.

"அடேயப்பா! ஒரு துளியைக்கூட வீணாக்கலையே இந்த மண்ணு!" என்றாள்.

"நல்லவேளை சொன்னீங்க" என்றார் மேடம். "இந்த மூலையை மட்டும் முளையடிச்சுப் பிரிச்சிடலாம். மீதிப் பாத்தி பிழைச்சுது." டிரைவரை முறைத்தார். "மண்வெட்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி இனிமே ஒரு வார்த்தை கேளுங்க."

பிறகு பாத்திப் பதிவேட்டைத் திறந்தார். 'இட்டது' என்ற தலைப்பின்கீழ் வருஷத்துக்கு ஒரு வரியாக 'ஒன்றுமில்லை', 'ஒன்றுமில்லை' என்று பக்கம் நிறைய எழுதியிருந்தது. எத்தனையோ பேருடைய கையெழுத்து.

"பேர் என்ன சொன்னீங்க?"

"வாலு" என்றான் டிரைவர்.

மேடம் பேனாவை எடுத்து, கடைசி 'ஒன்றுமில்லை'க்குக் கீழே எழுதினார்: 'தென்கிழக்கு மூலையில், வாலு.'