பளபளத்த இருபது உறைகள்

அன்று காற்று மேற்கிலிருந்து அடித்ததா, வடக்கிலிருந்தா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெர்ல் கான்ட்ஸ் போட்டிருந்த தொப்பியின் நிறம்கூட மறந்துவிட்டது. அங்கே இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆனால் ஆர்லீன் சாதர் அந்தப் பெட்டியைத் திறந்தபோது அவள் முகம் போன போக்கை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். அந்த ஒன்றை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

மொன்டானாவில், எங்கள் ஊர் மலையடிவாரத்துச் சுடுகளத்தில், செப்டம்பர் பிறந்ததும் போட்டி நடக்கும். துப்பாக்கியை மேசைமேல் மணல்பைகளில் கிடத்தி, ஒரு தாளில் ஐந்து குண்டு சுட வேண்டும். ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுந்திருக்கின்றன என்று அளப்பார்கள். ஐந்து தாள்களையும் சேர்த்துப் பார்த்தால் யாருடைய அளவு குறைவோ அவருக்கு வெற்றி. அவர் தாள் துப்பாக்கி மன்றத்துச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கும்.

அந்தச் சுவரில் எட்டு வருடமாக மெர்லுடைய தாள்தான். எட்டு வருடமும் ஆர்லீன் இரண்டாவது. ஊர்ச் சாலைகளில் மண் சமன்படுத்தும் வண்டி ஓட்டுகிற அவளுக்கு ‘ரெண்டாவது’ என்றே பெயர் விழுந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். நாள் முழுக்க வண்டிக்குள் தனியாக இருந்து பழகியவளுக்குப் பேச்சு குறைவு. ஆனால் ஒரே ஒருமுறை தன் தாள் அங்கே தொங்க வேண்டும் என்பது அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அவளிடம் இருந்தது இருபதே பித்தளைத் தோட்டா உறைகள். சுட்டதும் வெளியே வருகிற உறையைத் துடைத்து, அடியில் தீப்பொறி கிளப்பும் புது கேப் பொருத்தி, வெடிமருந்து கொட்டி, குண்டை அழுத்தி, அதையே மறுபடி சுடுவார்கள். போட்டிக்கு நடுவில் கொட்டகையில் நின்றபடியே செய்கிற வேலை இது. அந்த உறைகள் அவள் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்தவை. இன்னொருவரிடம் கடன் வாங்கினால் உள்ளே போகாது.

அவள் சுத்தம் செய்கிற விதம் எளிது. வெளியே துணியால் ஒரு துடைப்பு, குண்டு உட்காரும் கழுத்துக்குள் தூரிகையால் இரண்டு இழுப்பு. கழுத்தின் உட்புறத்தில் மெல்லிய கரி ஒட்டியிருக்கும். அதைத் தொட மாட்டாள். அந்தக் கரி இருந்தால்தான் எல்லா உறையிலிருந்தும் குண்டு ஒரே மாதிரி வழுக்கிக் கிளம்பும். தெரியாதவர்கள் கண்ணுக்கு அது வெறும் அழுக்கு.

டெஸ்மண்டுக்குத் தெரியாது. ஆர்லீனின் மகள் பிரிட்டாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் அவன். பல் மருத்துவமனையில் கருவி கழுவுகிற வேலை. வருங்கால மாமியாரிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று அவனும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டான். போட்டிக்கு முந்தின நாள் அவள் உறைகள் இருந்த பெட்டியை யாரிடமும் சொல்லாமல் எடுத்துப்போய், திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டான்.

காலையில் கொட்டகையில் ஆர்லீன் பெட்டியைத் திறந்தாள். இருபதும் தங்கம் போல் மின்னின.

“எப்படி இருக்கு, மிஸஸ் சாதர்?” டெஸ்மண்ட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“டெஸ், என்ன பண்ணித் தொலைச்ச?” என்றாள் பிரிட்டா.

“கிளினிக்ல கருவி கழுவற அதிர்ற தொட்டி இருக்குல்ல, அதுல போட்டேன். உள்ள வெளிய எங்கயும் துளி அழுக்கு இல்ல. பல்லுக்குள்ள விடற ஊசியக்கூட நான் இவ்வளவு பார்த்துக் கழுவினதில்ல.”

பக்கத்து மேசையிலிருந்து மெர்ல் எட்டிப் பார்த்தார். “அடேயப்பா! ஆர்லீன், சுட வந்தியா, காதுல மாட்டிக்க வந்தியா?”

கொட்டகை சிரித்தது. ஆர்லீன் ஒரு உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்துக்குள் பார்த்தாள். வெறும் பித்தளை.

“பளபளன்னு இருக்கு” என்றாள்.

குண்டை அழுத்தும்போதே கைக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று கிறீச்சிட்டு நின்றது, அடுத்தது குதித்து இறங்கியது. முதல் தாளில் ஐந்து ஓட்டைகளும் ஆளுக்கொரு பக்கம் விழுந்தன.

“அஞ்சும் பாகப்பிரிவினை பண்ணிக்கிச்சா?” என்றார் மெர்ல். அவர் தாளில் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன.

வந்த காருக்குப் பின்னால் பிரிட்டா டெஸ்மண்டைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் தொங்கிய முகத்தோடு வந்து நின்றான்.

“மிஸஸ் சாதர், நான் வீட்டுக்குப் போயிடட்டா?”

ஆர்லீன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அவனைப் பற்றி நினைக்கவே இல்லை. ஒருமுறை சுட்டதில் கழுத்துக்குள் கொஞ்சம் கரி வந்திருக்கும், ஆனால் திட்டுத்திட்டாக. அதைச் சமமாக்க என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“பென்சில் இருக்கா?” என்றாள்.

அளவு குறிக்கும் மேசையிலிருந்து அவன் ஒரு பென்சிலை ஓடிப்போய் எடுத்துவந்தான். அவள் அதன் முனையைக் கத்தியால் சுரண்டி, காபிக் குடுவை மூடியில், கரி போலவே வழுக்குகிற கருப்புத் தூளாகக் கொட்டினாள். தூரிகையால் தொட்டு உறையின் கழுத்துக்குள் தடவிப் பார்த்தாள். கட்டிகட்டியாக ஒட்டியது. துடைத்துவிட்டு மறுபடி தடவினாள். மறுபடி கட்டி.

டெஸ்மண்ட் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தான். பல்லிடுக்கில் விட்டுத் தேய்க்கிற குட்டித் தூரிகை. “இது வேணா...”

அவள் அதைத் தூளில் தொட்டு உறைக்குள் விட்டாள். அளவெடுத்துச் செய்தது போல் போனது.

“இன்னும் இருக்கா?”

“பை நிறைய இருக்கு. கிளினிக்ல எல்லாருக்கும் சும்மா குடுக்கறதுதான்.”

“அப்ப உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். உள்ளே விட்டு, இரண்டு சுற்று, வெளியே, ஒரு தட்டு. எல்லா உறைக்கும் ஒரே அழுத்தம். சின்னக் கருவிகளோடே பிழைக்கிற கை அது. ஆர்லீன் குண்டை அழுத்தினாள். வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. அடுத்ததும் அப்படியே.

இரண்டாவது தாளில் ஐந்து குண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கிழிசல்தான் இருந்தது. மூன்றாவதில் அதைவிடச் சின்னது. நான்காவது அளந்து வந்தபோது மெர்ல் வேடிக்கை பேசுவதை நிறுத்தியிருந்தார். முதல் தாளில் இழந்ததில், மெர்லை எட்ட இன்னும் ஒரு மயிரிழை பாக்கி இருந்தது.

கடைசித் தாளுக்கு ஏழு நிமிடம். காற்றைக் காட்டக் களத்தில் நட்டிருந்த கொடிகள் படபடத்தன. மெர்ல் ஆரம்பத்திலேயே மளமளவென்று சுட்டார். ஐந்தாவது குண்டைக் காற்று ஒதுக்கிவிட்டது. பல்லைக் கடித்தபடி எழுந்தார். ஆர்லீன் துப்பாக்கிக்குப் பின்னால் அசையாமல் இருந்தாள்.

“அம்மா, சுடும்மா” என்று பிரிட்டா முணுமுணுத்தாள். டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மற்ற மேசைகளில் எல்லோரும் முடித்துவிட்டார்கள். அவள் மட்டும் கொடிகளைப் பார்த்தபடி, வண்டிக்குள் தனியாக இருப்பது போல் இருந்தாள். இவ்வளவு காலம் பேசாமல் இருந்ததெல்லாம் இந்தக் காத்திருப்புக்குத்தானோ என்று எனக்கு ஒரு நினைப்பு வந்து போனது.

காற்று அடங்கிக் கொடிகள் தொங்கின. ஐந்து குண்டும் ஒரே மூச்சில் போயின. கடைசி உறை மேசையில் உருண்டபோது நேரம் முடிந்த சங்கு ஊதியது.

தாளை மெர்ல்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஆர்லீன்” என்றார். “இனி நான்தான் ரெண்டாவது.”

கொட்டகையில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மெர்ல் கையை நீட்டினார். “டேய் பல் டாக்டர், அந்தக் குச்சில ஒண்ணு குடு.”

“டாக்டர் இல்லைங்க, கருவி கழுவறவன்.”

“எவனா இருந்தா எனக்கென்ன, குடு.”

டெஸ்மண்ட் ஆர்லீனைப் பார்த்தான்.

“குடுக்காத” என்றாள் அவள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். அவள் சிரிப்பை அங்கே பலர் அன்றுதான் முதலில் கேட்டார்கள்.

அடுத்த வருடம் மெர்ல் ஜெயித்தார். அதற்கடுத்த வருடம் ஆர்லீன். பிரிட்டாவும் டெஸ்மண்டும் கல்யாணம் செய்துகொண்டு பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கிறார்கள். அவன் இன்னும் மாமியாரை மிஸஸ் சாதர் என்றுதான் கூப்பிடுகிறான்; செப்டம்பரில் தூரிகைகளோடு வந்துவிடுகிறான். அந்த இருபது உறைகளும் கழுத்து வெடித்துப் பழைய பித்தளை போடும் வாளிக்குப் போய்விட்டன. அன்றைய தாள் சுவரில் இருக்கிறது.