புகார் வாங்கும் பாட்

லிப்ட் நின்று நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. எட்டாவது மாடியில் மாமியாரும் மருமகளும் வாடகைக்குக் குடியிருந்தார்கள். மாமியாருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்ததால் படி இறங்க முடியவில்லை. மென்பொருள் வேலை பார்த்த மருமகள், குடியிருப்பு மேனேஜரிடம் நடையாய் நடந்தாள். கடைசித் தடவை அவர், எழுத்தில் ஒரு புகாரும் வரவில்லையே என்று கையை விரித்துவிட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. மேலே ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, "அத்தை, இனிமே அவர்கிட்ட வாயால பேசமாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து, ஜாங்கோ என்ற மென்பொருள் கருவியில் ஒரு சின்ன வலைத்தளமும், அதனோடு செய்திக்குத் தானே பதில் சொல்லும் ஒரு சாட்பாட்டும் எழுதினாள். குடியிருப்பவர்கள் போனில் செய்தி அனுப்பினால், பாட் வீட்டு எண்ணையும் குறையையும் கேட்டுக்கொண்டு, தேதி போட்டுப் புகார் எண் தரும். எல்லாப் புகார்களும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒரே பக்கத்தில் வரிசையாக நிற்கும்.

மாமியார் முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவர். சோதித்துப் பார்க்கிறேன் என்று, மேனேஜரின் பரம்பரையையே இழுத்து ஒரு புகார் எழுதினார். பாட் பணிவாக நன்றி சொல்லி எண் கொடுத்தது. "என்னைவிடப் பொறுமைசாலியா இருக்கே" என்றார் மாமியார். மருமகள் அந்தப் புகாரை மட்டும் அழித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதை, எந்நேரமும் இணையத்தில் ஓடும் ஒரு சர்வரில் ஏற்றினாள். நன்றாகத்தான் பேசியது. மடிக்கணினியை மூடியதும் ஊமையாகிவிட்டது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் பிடிபட்டது: செய்திகளை எங்கே அனுப்ப வேண்டும் என்ற இடத்தில் இன்னும் அவளுடைய மடிக்கணினியின் முகவரியே இருந்தது. அதைச் சர்வரின் முகவரியாக மாற்றி, பாட்டின் எண்ணைக் குடியிருப்பவர்களுக்கெல்லாம் அனுப்பியதும், மூன்றாம் மாடித் தையற்காரரின் குழாய் ஒழுகல் முதல் புகாராக வந்து விழுந்தது.

வாரம் முடிவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு புகார்கள் சேர்ந்துவிட்டன. மேனேஜர் எட்டு மாடியும் ஏறி, சட்டை நனைந்து வந்து நின்றார். மாமியார் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

"பக்கத்தை எடுத்துடும்மா. இல்லேன்னா பில்டிங் ஓனர் உங்களை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு."

மருமகள் மாமியாரின் முட்டிகளைப் பார்த்தாள். அத்தையை எப்படிக் கீழே இறக்குவது, எங்கே கூட்டிப்போவது? மாமியாரோ சாவகாசமாக, "இப்ப சொன்னதை எழுத்துல குடுங்க, அதையும் பக்கத்துல போட்டுடலாம்" என்றார்.

"எடுக்க மாட்டேன் சார்" என்றாள் மருமகள். "அது எல்லாரும் எழுதினது. எடுக்க நான் யாரு?"

மேனேஜர் தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போனார். காலி செய்யச் சொல்லி ஒரு கடிதமும் வரவில்லை. அதிலிருந்து ஒன்பதாம் நாள் மெக்கானிக்குகள் வந்தார்கள். மறுநாள் மதியம் லிப்ட் ஓடியது. மேனேஜர் உடனே போன் செய்து, இனியாவது பக்கத்தை மூடலாமே என்றார். லிப்ட் புகார்கள்தான் தீர்ந்தன, இன்னும் அறுபத்து மூன்று புகார் பாக்கி இருக்கிறது என்றாள் அவள்.

அன்று மாலையே ஒரு புது வசதியை எழுதி சர்வரில் ஏற்றினாள். தீராத புகார் ஒவ்வொன்றும் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பாட் இனி திங்கள்தோறும் மேனேஜருக்கே செய்தி அனுப்பும்.