ஆறு குழி

நிலத்துக்காரர் வெள்ளியங்கிரி மஞ்சள் செடியின் இலை ஒன்றின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தார். அப்பளம் போல் நொறுங்கியது. பாத்திக்குப் பாத்தி நின்று அதையே செய்தார். ஐப்பசி மழை இரண்டு பெய்திருந்தும் அடி இலைகள் எல்லாம் ஓரம் கருகி நின்றன. பின்னால் என் அக்காள் புருஷன் செல்லமுத்து, தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் நான்.

"தண்ணி ஒழுங்காக் கட்டலியா செல்லமுத்து?"

"கோழி கூப்படக் கெணத்துல கவலை பூட்டித் தண்ணி எறைக்கறனுங்க. ஒரு நாளுந் தவறலீங்க."

"மண்ணுல எல்லாச் சத்தும் இருக்குதுன்னு சர்க்கார் காயிதமே வந்திருச்சு. உன்ற மச்சினந்தான படிச்சுக் காட்டுனான்? மண்ணு மேல கோளாறு இல்லீன்னா, பாடுபடறவன் மேலதான கோளாறு?" வரப்பில் ஏறிக்கொண்டே சொன்னார்: "தையில தோட்டத்தைச் சுப்பையங்கிட்டக் குடுத்தர்லாம்னு இருக்கறேன். ரண்டு வருசமாக் கேக்கறான்."

மாமா ஒன்பது வருடமாக அந்த இரண்டு ஏக்கரை, விளைச்சலில் பங்கு கொடுத்து, வாரத்துக்கு உழுகிறார். வேறு நிலம் கிடையாது. 'சாம்பல் வேண்டாமென்று சொன்னது இவன்தான்' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கவலைக் கயிறு அறுத்துத் தடித்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மோகனூரில் பகலில் எனக்கு மண்டி வேலை. செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைக்கும் நேரத்தில் பள்ளிக்கூடத்தில் விவசாய வகுப்புக்குப் போகிறேன். மண் எடுக்கும் முறையை வாத்தியார் சொன்னபடி நோட்டில் எழுதியிருக்கிறேன்: தோட்டம் பூராவும் பரவலாக ஆறு இடம், ஒரு சாண் ஆழம், ஆறையும் கலந்து நிழலில் உலர்த்த வேண்டும். எழுதியது சரி. செய்தது வேறு. அப்போது மஞ்சள் முளைத்திருந்தது. எந்த வேலையையும் சனி மூலையில்தானே தொடங்குவது என்று அக்காள் தோட்டத்தின் வடகிழக்கு மூலையைக் காட்டினாள். அங்கே நடாத இடம் கொஞ்சம் இருந்தது. ஒரு முழத்துக்கு ஒன்றாக ஆறு குழியையும் அங்கேயே தோண்டினேன். மண் பரிசோதனைக்குக் கோயமுத்தூருக்கு அனுப்பிய பாரத்தில் 'ஆறு இடங்கள்' என்று எழுதினேன். எண்ணிக்கை பொய்யில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கோயமுத்தூரிலிருந்து பதில் வந்தது. சாம்பல் சத்து மிக அதிகம், இந்தப் பட்டத்துக்குச் சேர்க்க வேண்டாம். மக்குக் குழியில் குப்பைக்கும் சாணிக்கும் இடையே மாமா போட்டிருந்த சாம்பல் அடுக்கை நானே நின்று வாரி எடுக்கச் சொன்னேன். வெள்ளியங்கிரி தருவதாகச் சொன்ன இரண்டு வண்டி கரும்பாலைச் சாம்பலும் வேண்டாமென்றோம். அது சுப்பையன் தோட்டத்துக்குப் போனது.

எட்டு நாளைக்கு முன்புதான் கண்ணில் பட்டது. தோட்டம் முழுவதும் கருகியிருக்க, சனி மூலையை ஒட்டிய நாலு தூர் மட்டும் கரும்பச்சையாக நின்றன. பக்கத்தில் பொங்கல் அடுப்புக்கல் மூன்று. வருடா வருடம் தையில் பொங்கல் வைத்து, அடுப்புச் சாம்பலை அங்கேயே கலைத்துவிடுவார்கள். கோயமுத்தூரில் பார்த்தது அந்த மண்ணை. இன்னும் உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று எட்டு நாளும் தள்ளினேன். உறுதி அன்றைக்கே இருந்தது. இல்லாதது தைரியம்.

"ஏனுங்க..." என்றேன். "மண்ணு எடுத்ததுல கோளாறுங்க. எல்லாத்தையும் சனி மூலையிலயே எடுத்துப் போட்டனுங்க. தோட்டத்து மண்ணுக்கு அந்தக் காயிதம் சேராதுங்க. சாம்பல் இல்லாமத்தான் இப்படிக் கருகுது. மாமா மேல தப்பில்லீங்க."

வெள்ளியங்கிரி திரும்பினார்.

"சனி மூலையில கடப்பாரை போட்டயா?"

"ஆமாங்க."

"எத்தன குழி?"

"ஆறுங்க."

"எங்கப்பங் காலத்துல இருந்து பொங்க வெக்கிற எடம்டா அது! படிக்கப் போனவன் பண்ற வேலையா?"

புல் அறுத்துக்கொண்டிருந்த பொன்னாத்தாள் அக்காள் அரிவாளோடு எழுந்து வந்தாள். "நாந்தானுங்க அங்கயே எடுன்னு சொன்னேன். மொளைக்குள்ள கடப்பாரை உட்டா வெட்டுப்படுமேன்னு பயம்."

"நீ சும்மாரு, புள்ள."

"சும்மாருந்தா தோட்டம் போயிருமுங்களே."

மாமா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளியங்கிரி வெற்றிலையைத் துப்பினார். "செரி. இப்பச் சாம்பலைப் போட்டாக் கேக்குமா?"

கேட்கும் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் அது மறுபடியும் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டுவது போல இருக்கும். "தெரியலீங்க. வெட்டறதுக்கு மூணு மாசம் இருக்குது. மக்குல கலந்து தூருக்குத் தூர் வெச்சாக் கொஞ்சம் கேக்கலாமுங்க. மொத்தமாத் தேறுமுன்னு சொல்லமாட்டனுங்க."

"சுப்பையங்கிட்டப் போன சாம்பலு திரும்பி வருமாக்கும்?"

வெள்ளியங்கிரி வரப்பிலிருந்து பாத்திக்குள் இறங்கினார்.

"நடுப்பாத்தியில ஒரு தூரை எடு, செல்லமுத்து. அடியில என்ன இருக்குதுன்னு நானே பாக்கறேன்."

மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மாமா வாங்கவில்லை. முட்டி போட்டு, இரண்டு கையாலும் சுற்றிலும் மண்ணைப் பறித்து, தூரை வேரோடு தூக்கினார். சேற்று உருண்டையாக இருந்தது. கிழங்கில் விரல் மஞ்சள் பிரிந்திருக்கிறதா, எத்தனை என்று ஒன்றும் தெரியவில்லை. அக்காள் வரப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தை எடுத்துச் சாய்த்து அவர் கைமேல் மெல்ல ஊற்றினாள். மண் கரைந்து பாத்திக்குள் ஓடியது. கரைந்த இடத்தில் ஒரு மஞ்சள் விரல் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்றின் நுனி. வெள்ளியங்கிரி குனிந்தார். சேற்றுத் தண்ணீர் வந்து அவர் காலைச் சுற்றித் தேங்கியது. அவர் காலை எடுக்கவில்லை.

"ஊத்து புள்ள" என்றார்.