வரிசையில் வந்த இருமல்

பெரிய தெருவுக்கு வந்து, முகக்கவசத்தை மாட்டி, முதல் மூச்சை இழுத்ததுமே வாயாடிக்குத் தொண்டையில் சுருக்கென்றது. மிளகாய் நெடி.

எல்லாம் அப்பா செய்த வேலை. நேற்றுத் துவைத்தது காயவில்லை என்று முகக்கவசத்தை அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிட்டார். அப்புறம் அதே அடுப்பில் காய்ந்த மிளகாயை வறுக்கிறேன் பேர்வழி என்று கரியாக்கியும் வைத்தார். அக்கா இருந்தவரை அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். வீடே இருமித் தள்ளியது. வாயாடி அக்காவின் கைக்குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். நெடி அடங்கிய பிறகு எல்லாரும் உள்ளே வந்தார்கள். கம்பியில் தொங்கிய முகக்கவசம் அத்தனை நெடியையும் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல் இருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

திரும்பிப் போய் வேறொன்று மாட்டி வரலாம் என்றால் வேறொன்று கிடையாது. அக்கா பழைய ஜன்னல் திரையை வெட்டி இரண்டு தைத்திருந்தாள். ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வண்டியில் ஏறிப் போனாள். மிச்சம் இருந்தது இது ஒன்று. கைக்குட்டை, துண்டு கட்டி வந்தால் மருந்துக்கடை முன்னால் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்ட விடமாட்டார்கள்.

மருந்துக்கடையில்தான் குழந்தைக்குப் பால் மாவு கிடைக்கும். அக்கா போனதிலிருந்து உருண்டைக்கு டின் பால்தான். உருண்டை என்பது அக்காவின் குழந்தை. பிறந்தபோதே அப்படி உருண்டையாக இருந்தான். அவனுடைய அப்பா வேறு ஊரில் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டு, தினமும் போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். விடிந்ததும் டின்னைக் கவிழ்த்துத் தட்டி, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் சுரண்டிக் கலக்கிக் கொடுத்தாயிற்று. அடுத்த தடவை அவன் அழுதால் கொடுக்க வீட்டில் ஒன்றுமில்லை.

"நான் போயிட்டு வரேன்" என்று அப்பா கிளம்பத்தான் செய்தார். வாயாடி விடவில்லை. அப்பா வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் காலமெல்லாம் புகையை விழுங்கியவர். நாலு எட்டு வேகமாக நடந்தால் நெஞ்சு விசிலடிக்கும், அதைத் தொடர்ந்து இருமல் வரும். பழைய இழுப்புதான், ஒட்டுகிற நோயில்லை. அதைத் தெருவில் யாரிடம் விளக்குவது? போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவரை இருமினார் என்று வண்டியில் ஏற்றிப் போனார்கள். அப்பா அப்படிப் போனால் திரும்பி வருவாரா?

வாயாடி என்பது அப்பா வைத்த கேலிப்பெயர். வீட்டுக்குள்ளேயே நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசமாட்டாள். வெளியாள் முன்னால் கேட்கவே வேண்டாம். அவள் குரல் பல்லுக்கு உள்ளேயே நின்றுவிடும். அப்படிப்பட்டவளைக் கடைக்கு அனுப்பும்போது அப்பா வாசல்வரை வந்து சொன்னார்:

"வாயாடி, வாயைத் திறந்து கேக்கணும், என்ன? கையைக் காட்டிட்டு நின்னா பேதி மருந்தைக் குடுத்து அனுப்பிடுவான்."

வரிசை, மருந்துக்கடையிலிருந்து பூட்டிக்கிடந்த துணிக்கடை, செருப்புக்கடை எல்லாம் தாண்டி நீண்டிருந்தது. தரையில் சுண்ணாம்பு வட்டங்கள். வட்டத்துக்கு ஓர் ஆள். கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் நெற்றியில் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டிச் சூடு பார்த்தாள்.

வாயாடிக்கு முன்னால் பூப்போட்ட முகக்கவசம் அணிந்த ஒரு அம்மாள். பின்னால் முகக்கவசத்துக்கு மேலே ஹெல்மெட்டும் மாட்டிய ஒருவர். வண்டி இல்லை, ஹெல்மெட் மட்டும்.

"என்னங்க, தலையில அடிச்சா பரவுது நோய்?" என்று கேட்டாள் பூப்போட்ட அம்மாள்.

"எங்க வீட்டம்மா மாட்டிவிட்டாங்க. கழட்டினா வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

"போட்டுட்டுப் போனாலும் விடமாட்டாங்க, பாருங்க."

அவர்கள் சிரித்தார்கள். வாயாடிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு உள்ளே போகும். மூச்சு போனால் நெடி போகும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பாதி மூச்சு இழுத்து, முழுதாக வெளியே விட்டுப் பார்த்தாள். எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தாள். தொண்டைக்குள் எறும்பு ஒன்று மேலேயும் கீழேயும் போய்வருவது போலிருந்தது. வெயில் ஏற ஏற, முகம் வேர்க்க வேர்க்க, ஈரம் பட்ட துணியிலிருந்து நெடி இன்னும் கிளம்பியது. கண்ணில் நீர் முட்டியது. யாருக்கும் தெரியாமல் துணியை மூக்குக்குக் கீழே ஒரு விரல் அளவு இறக்கினாள்.

"ஏய் பொண்ணு! மூக்கை மூடு!" ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் குடத்துக்குள் பேசுவது போல வந்தது. "நீ ஒருத்தி திறந்தா எல்லாருக்கும் சங்கு."

மூடிக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. பூப்போட்ட அம்மாள் கயிற்றைத் தொட்டுவிட்டாள். கடைக்காரருக்குப் பின்னால் அலமாரியில் பால் டின்கள் நாலைந்து இருப்பது வாயாடிக்குத் தெரிந்தது. மஞ்சள் மூடி. உருண்டைக்கு ஒத்துக்கொள்கிற அதே டின். அதைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதியில் தன்னை மறந்து ஒரு முழு மூச்சை இழுத்துவிட்டாள்.

இருமல் வெடித்தது. ஒன்று வந்ததும் பின்னாலேயே ஒரு சங்கிலி. இடுப்பை மடித்துக் குனிந்து இருமினாள். நிமிர்ந்தபோது அவளைச் சுற்றி வட்டங்களில் ஒரு ஈ காக்கை இல்லை. ஹெல்மெட்காரர் செருப்புக்கடைப் படியில் ஏறி நின்றிருந்தார்.

"ஐயோ, என் பின்னாலேயே நின்னாளே!" பூப்போட்ட அம்மாள் தன் தோளையும் முதுகையும் உதறினாள், இருமல் அங்கே தூசி மாதிரி ஒட்டியிருப்பது போல. "பாவி, வீட்ல கெடக்க வேண்டியதுதானே!"

"மிளகா..." என்றாள் வாயாடி.

"என்னவாம்?"

"மாஸ்க்ல... மிளகா நெடி..."

"சத்தமா சொல்லும்மா. ஒண்ணும் விளங்கலை" என்றார் கடைக்காரர் உள்ளேயிருந்து.

"மிளகாயாம்!" என்று ஹெல்மெட்காரர் படியிலிருந்து எடுத்துக்கொடுத்தார். "நேத்து ஒருத்தர் தூசின்னாரு. இன்னைக்கு மிளகா. நோயின்னு யாரு ஒத்துக்குவா?"

நர்ஸ் கை நீட்டும் தூரத்துக்கு வந்தாள். நெற்றியில் சூடு பார்த்தாள். வெயிலில் நின்ற நெற்றி சுடாமல் என்ன செய்யும்? அவளும் சின்ன வயதுக்காரிதான். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயாடிக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் பொய் சொல்லவும் பேச்சுப் பழக்கம் வேண்டுமே. நாக்கு புரளவில்லை. கடைசியில், "அக்கா ஆஸ்பத்திரில" என்றாள். அக்கா போன இந்த மூன்று நாளில் அவள் வெளியாளிடம் சொன்ன ஒரே முழு வாக்கியம் அதுதான். அது மட்டும் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

இன்னும் நாலடி பின்வாங்கினார்கள்.

நர்ஸ் போனை எடுத்து வண்டிக்குச் சொன்னாள். பூட்டிய துணிக்கடையின் வாசல்படியைக் காட்டி, "அங்க போய் உக்காரு. எழுந்திரிக்காதே. டெஸ்ட் எடுத்துட்டு, ஒண்ணுமில்லேன்னா விட்டுடுவாங்க" என்றாள்.

"எப்ப விடுவாங்க?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்?"

வாயாடி உட்காரவில்லை. அலமாரியையே பார்த்தாள். "பால் டின்" என்றாள். "குழந்தைக்கு. மஞ்சள் மூடி."

நர்ஸ் கடைப்பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒரு டின் குடுத்துவிடுங்க."

கடைக்காரர் முனகினார். பிளாஸ்டிக் தட்டை ஒரு கம்பால் தள்ளி, பணத்தை அதில் வாங்கி, மருந்துத் தண்ணீர் தெளித்து, அதே தட்டில் டின்னைத் தள்ளிவிட்டார். வாயாடி அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு யார் கொண்டுபோவது?

"யாராவது அந்தப் பக்கம் போறவங்க இருந்தா..." என்று நர்ஸே வரிசையைப் பார்த்துக் கேட்டாள். வரிசையில் எல்லாருக்கும் அப்போதுதான் வானத்தில் ஏதோ தெரிந்தது. பூப்போட்ட அம்மாள் மட்டும் வாயைத் திறந்து சொன்னாள்: "எனக்கும் வீட்ல பேரப்பிள்ளை இருக்கும்மா. இந்த டின்னை நான் எப்படித் தொடுவேன்?" சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. வாயாடிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் தானும் தொட்டிருக்க மாட்டோம் என்று தோன்றியது.

வேறு வழியில்லை. அப்பாவின் எண்ணைச் சொன்னாள். நர்ஸ் பேசினாள்.

அப்பா எப்படி வருவார் என்று அவளுக்குத் தெரியும், அப்படியேதான் வந்தார். உருண்டையைத் தனியாக விட முடியாது, தூக்கிக்கொண்டு வந்தார். முகக்கவசம் இல்லை, துண்டை மூக்கோடு சுற்றியிருந்தார். ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறார். ஒவ்வொரு மூச்சுக்கும் துண்டு உள்ளே போய்ப் போய் வெளியே வந்தது. உருண்டை பசியில் அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தான்.

"அங்கேயே நில்லுங்க! கிட்ட வராதீங்க!" என்று நர்ஸ் கத்தினாள். அப்பா தெருவின் அந்தப் பக்கம் நின்றுவிட்டார்.

டின்னை நடுத்தெருவில் வைத்துவிட்டுத் திரும்பி வரச் சொன்னார்கள். வாயாடி வைத்தாள், திரும்பி வந்தாள். அப்பா வந்து எடுத்தார். குழந்தை அவளைப் பார்த்தான். அவளுடைய கண்ணை மட்டும் வைத்து அவனால் அடையாளம் கண்டுபிடிக்க முடியவில்லை போலிருக்கிறது, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பாவுக்குப் பால் கலக்கத் தெரியாது.

"அப்பா, தண்ணி கொதிக்க வச்சு ஆற வைங்க" என்றாள்.

"என்னம்மா?"

"கொதிக்க வச்சு..."

"கேக்கலைடா!"

அவள் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். முகக்கவசம் பாதியை விழுங்கிவிட்டது. ஹெல்மெட்காரர் பொறுக்கமாட்டாமல் படியிலிருந்தே இரைந்தார்: "தண்ணியக் கொதிக்க வச்சு ஆற வைக்கணுமாம்யா!"

"சரிங்க!"

"கரண்டியைத் தலை தட்டிப் போடணும்" என்றாள் வாயாடி.

"தலையைத் தட்டிப் போடணுமாம்!"

"குழந்தை தலையை இல்லய்யா, கரண்டியை!" என்றாள் பூப்போட்ட அம்மாள். "கையில ரெண்டு சொட்டு விட்டுச் சூடு பாத்துட்டுக் குடுக்கச் சொல்லுங்க. ஏப்பம் விட வைக்கணும், தோள்ல போட்டுத் தட்டி!"

வரிசையே ஆளுக்கொன்று சொல்லியது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று ஆட்டுவதை நிறுத்தினார். அவர் தோள் இரண்டும் காதுக்கு ஏறுவதை வாயாடி பார்த்தாள். குழந்தையை இறுக்கிப் பிடித்து, வாயை இறுக்கி மூடி, மூச்சைப் பிடித்து நின்றார். கண் பிதுங்கியது. இருமல் அவர் நெஞ்சுக்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. இன்னும் ஒரு கணம் போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வண்டியோ வந்துகொண்டிருக்கிறது. அதில் அப்பாவையும் ஏற்றினால் குழந்தையை எங்கே வைப்பார்கள்?

வாயாடி துணியை மூக்கோடு அழுத்திப் பிடித்து, உள்ளே எவ்வளவு போகுமோ அவ்வளவு மூச்சை இழுத்தாள்.

அப்படி ஒரு இருமலை அந்தத் தெரு கேட்டதில்லை. ஹெல்மெட்காரர் படியிலிருந்து குதித்து ஓடினார். யாரோ தண்ணீர் என்றார்கள், யாரோ தொடாதே என்றார்கள். நர்ஸ் கையை விரித்து வரிசையைப் பின்னுக்குத் தள்ளினாள். எல்லாக் கண்ணும் வாயாடி மேல். அந்த அமளியில் தெருவின் அந்தப் பக்கம் இன்னொரு இருமல் கேட்டிருந்தால்கூட ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். அப்பா இரண்டு தரம் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையை மட்டும் ஆட்டினாள். போங்க, போங்க. அவர் டின்னையும் குழந்தையையும் சேர்த்து அணைத்துக்கொண்டு முனை திரும்பினார்.

முனை காலியானது. போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். நிற்கவில்லை. அவள் வரவழைத்த இருமல் அவளைக் கேட்காமல் தானாகவே வந்துகொண்டிருந்தது. படியைப் பிடித்துக் குனிந்தபடி, கண்ணீர் தரையில் சொட்டச் சொட்ட அவள் இருமினாள். வண்டியின் சத்தம் பக்கத்தில் வந்து நின்றபோதும் இருமிக்கொண்டுதான் இருந்தாள்.