வியாழன் பிற்பகல்

நாடாளுமன்றத்தின் அலுவல் பிரிவில் ஒரு சுவர் முழுக்க வெள்ளைப் பலகை. அதில் ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு காந்தப் பட்டை. அரசு மசோதா நீலம், தனிநபர் மசோதா பச்சை. பட்டைகளை நகர்த்தி நகர்த்தி நாள் குறிப்பதுதான் அவள் வேலை. கேள்வி நேரத்தில் கை வைக்கக்கூடாது, எதிர்க்கட்சி கேட்ட விவாதத்துக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். மிச்சமிருக்கும் இடுக்குகளில் மற்றவை. நிரம்பி வழியும் பேருந்தில் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்லும் பிழைப்பு.

வெள்ளி முதல் அவைக்கு விடுமுறை. அதன் பிறகு நேரே தேர்தல்தான் என்று காண்டீன்காரர் வரை எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவை கலைந்தால், நிறைவேறாத மசோதாக்கள் செத்த மாதிரி.

வியாழன் பிற்பகலில் ஒரு பச்சைப் பட்டை இருந்தது. காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்க ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதை நான்காகக் குறைக்கும் மசோதா. அவள் கணவன் ஐந்து வருடங்களுக்கு முன், ஸ்கூட்டரை ரிப்பேருக்கு விட்டுவிட்டு வருகிறேன் என்று போனவன். ஸ்கூட்டர் மட்டும் சரியாகித் திரும்பி வந்தது.

"அக்கா, வியாழக்கிழமைல எவனாவது கை வச்சான்னா சொல்லுங்க, தொலைச்சுக் கட்டிடறேன்" என்பாள் உதவியாளர். அலுவலகத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். அதைப் பற்றி இதற்கு மேல் ஒருவரும் பேசியதில்லை.

புதன்கிழமை விடிகாலை உறுப்பினர் ஒருவர் மாரடைப்பில் காலமானார். பதவியில் இருப்பவர் இறந்தால் அன்றைக்கு வேறு அலுவல் கிடையாது. இரங்கல் தீர்மானம், மௌனம், ஒத்திவைப்பு. எல்லோரும் எழுந்து நிற்பதை அவள் அறையிலிருந்த தொலைக்காட்சியில் பார்த்தாள். உயிர் பிரிந்த நேரத்தைக்கூடச் சபாநாயகர் வாசித்தார். அவளுக்குள் ஏதோ அசைந்தது. பொறாமை என்று சொல்ல முடியாது. கடையில் நாம் தேடிய பொருளை இன்னொருவர் கையில் பார்ப்பது போல.

செயலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னைக்கு வரவேண்டிய வரி மசோதாவை நாளைக்குத்தாம்மா போடணும். நாள் பூரா இழுக்கும்." டீ தம்ளருக்குள் பார்த்தபடியே பேசினார். "அந்த... உங்க மசோதாவுக்கு சாயந்தரம் ரெண்டு மணி நேரம் கூடுதலா கேக்கலாம். சபாநாயகர் நான் சொன்னா கேப்பார். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"விடுமுறைக்கு அப்புறம் பாத்துக்கலாம் சார்."

அமைச்சர்களின் உதவியாளர்களுக்குப் பதில் சொல்லும் அதே குரல். அது தன்னிடமிருந்துதான் வந்தது என்பது அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆறு மணிக்கு மேல உறுப்பினர்கள் உட்கார மாட்டாங்க சார். கோரத்துக்கு வேண்டிய தலை தேறாது."

அதில் பொய் ஒன்றுமில்லை. அவர் தலையாட்டினார்.

பச்சைப் பட்டையை அவளே பிடுங்கி மேசை டிராயரில் போட்டாள். மசோதாவை ஆதரித்து எங்கெங்கிருந்தோ பெண்கள் எழுதிய கடிதங்கள் அலமாரியில் இருந்தன. அவற்றுக்கு வரவு முத்திரை குத்தியவளும் அவள்தான். அந்தப் பெண்களை நினைத்துப் பார்த்தாள். பல் டாக்டர் ஊசி போட்ட ஈறை நாக்கால் தொடுவது போலிருந்தது. மறுநாளைய அலுவல் நிரல் அச்சுக்குப் போனது.

வீட்டில், கல்லூரியிலிருந்து வந்த மகள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குத்தானேம்மா?"

"இல்ல. எடுத்தாச்சு."

"எந்தத் தடியன் எடுத்தான்?"

"நான்தான்டி."

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "அப்பா வந்துடுவாருன்னு இன்னும் நெனைக்கிறியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"சட்டம் வந்துட்டா, நான்தானே போயி அவர் செத்துட்டாருன்னு எழுதிக் கொடுக்கணும்."

"நான் எழுதிக் கொடுத்திருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டியா?" பிறகு, மெதுவாக, "லெட்டர் போட்ட அந்த அம்மாங்கள்லாம் என்னம்மா பண்ணுவாங்க?" என்றாள்.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போதாவது அழுகை வரும் என்று அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தது வேறு. வரி மசோதா என்றால் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யும். பேச ஆளில்லாமல் மதியத்துக்குள் நிறைவேறிவிடும். நாளைப் பிற்பகல் முழுக்கக் காலியாகத்தான் கிடக்கும். செயலாளர் முன்னால் நின்றபோதே அது அவளுக்குத் தெரிந்திருந்தது.